ஆறு பேர், பத்து நாள், ஒரு வான்

காரைக்காலில் ‘வெளிநாடு’ என்ற சொல்லுக்கு நெடுங்காலமாக ஒரே பொருள்தான்: பிரான்சு. 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1954 நவம்பர் 1இல் ஆட்சி மாறி, 1962 ஆகஸ்டில் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்த ஊர் இது. தெருவுக்கு நான்கு வீடுகளாவது பாரிசின் புறநகர்களுக்குக் கடிதம் எழுதிப் பழகியவை. அந்த வீடுகளிலிருந்து போனவர்கள் லா சப்பேல் பகுதியில் முருங்கைக்காயும் மிளகாய்த்தூளும் வாங்கியது யாழ்ப்பாணத்தார் கடைகளில். அங்கேதான் நம்மூர்க்காரர் பலர் வாழ்வில் முதன்முறையாக ஒரு யாழ்ப்பாணத் தமிழரோடு நின்று பேசியிருக்கிறார்கள். கீழவீதியின் கோடியிலிருந்து பார்த்தால் தெரிகிற கடலுக்கு அப்பால் இருப்பவரைச் சந்திக்க, உலகின் மறுகோடிக்குப் போய் உறைகுளிரில் நிற்க வேண்டியிருந்தது!

நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே அறுபது கடல்மைல், ஏறத்தாழ 110 கிலோமீட்டர். நாகையிலிருந்து திருச்சிக்குப் போகிற தூரம்கூட இல்லை. 2023இன் தொடக்கத்தில் ‘காரைக்கால் – காங்கேசன்துறை’ என்றே செய்திகள் வந்தன, நாங்களும் மகிழ்ந்தோம். அவ்வாண்டு அக்டோபர் 14இல் கப்பல் புறப்பட்டதென்னவோ நாகையிலிருந்து. ‘செரியபாணி’ என்ற அந்தக் கப்பல் சில நாட்களே ஓடியது. 2024 ஆகஸ்ட் 16இல் ‘சிவகங்கை’ வந்தது, மழைக்கு நின்றது, 2025 பிப்ரவரியில் மறுபடி புறப்பட்டது. நூற்றைம்பது இருக்கை, நான்கு மணி நேரம். காரைக்கால் அம்மையாரின் கணவன் பரமதத்தன் நாகைக்காரன். கப்பலேறிப் போனவன் திரும்பும்போது வேறொரு பட்டினத்தில் இறங்கிக் குடும்பமும் வைத்துக்கொண்டான் என்கிறது பெரியபுராணம். இந்தக் கரையில் கப்பல் அட்டவணையை முழுதாக நம்பக்கூடாது என்பதற்கு அவ்வளவு பழைய சான்று இருக்கிறது.

கப்பல் வந்ததிலிருந்து இலக்கிய நண்பர்களிடையே ஒரு புதிய எழுத்துவகை தோன்றியிருக்கிறது. ‘ஈழ இலக்கியப் பயணத் திட்டம்’ என்று அதற்குப் பெயரிடலாம். கைக்குக் கை மாறி வருகிற அத்திட்டங்கள் சிலவற்றை நாங்கள் வாசித்தோம். நல்லூர், யாழ் நூலகம், கீரிமலை, நயினாதீவு, நெடுந்தீவு, பருத்தித்துறை, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, சிகிரியா, கண்டி, நுவரெலியா, அட்டன், கொழும்பு. இத்தனையும் ஆறு நாளில். ஒரு திட்டத்தில் ‘காலை 9 – 9.45: யாழ் நூலகம்’ என்று கண்டிருந்தது. 1981 மே 31 நள்ளிரவில் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்த ஒரு நூலகத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம்! 9.50க்குக் கீரிமலைக்குப் புறப்பட வேண்டுமாம்.

இந்த நோயை அடையாளம் காண எங்களுக்குக் கடல் கடக்கத் தேவையில்லை. திருநள்ளாறு எங்கள் கொல்லைப்புறம். ஒன்பது கிரகங்களுக்கும் ஒரே நாளில் கணக்கு முடித்துவிடுவதென்று விடியுமுன் கும்பகோணத்தில் புறப்பட்ட வண்டிகள் அங்கே வந்து நிற்பதை எந்தச் சனிக்கிழமையிலும் பார்க்கலாம். இறங்குகிறவர்களின் முகத்தில் பக்தியைவிடக் கடிகாரம்தான் அதிகம் தெரியும். பன்னிரண்டரைக்குள் அடுத்த கோயிலை எட்டாவிட்டால் நான்கு மணிவரை நடை சார்த்தியிருக்கும். வயதான அம்மா ஒருவர் வண்டியை விட்டு இறங்காமலே ‘நான் இங்கேருந்தே கும்பிட்டுக்கறேன்’ என்பார். இலக்கிய வாசகர் அந்த வண்டியைப் பார்த்துப் புன்னகை செய்வார்; பிறகு வீட்டுக்குப் போய் ஆறு நாளில் பதினான்கு ஊருக்குத் திட்டம் எழுதுவார்.

தமிழில் பயணத் திட்டத்துக்குப் பஞ்சமில்லை என்பதுதான் இதில் வியப்பு. பத்துப்பாட்டில் பாதி அதுதான். ஆற்றுப்படை நூல்களை நாம் வகுப்பறையில் வள்ளலின் புகழாகவே நடத்திப் பழகிவிட்டோம். பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொல்வது என்று ஒரு வரியில் இலக்கணம் எழுதிவைத்துவிட்டு, அந்த வழியை யாரும் படிப்பதில்லை. வழியாகப் படித்தால் அவற்றின் நிதானம் திகைக்க வைக்கும். சிறுபாணாற்றுப்படை நல்லியக்கோடனைக் காணப்போகிற பாணனுக்கு எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என்று தங்குமிடங்களைச் சொல்கிறது. ஒவ்வோர் இடத்திலும் யார் வீட்டில் என்ன சோறு கிடைக்கும் என்பதையும் சொல்கிறது. எண்ணிப் பார்த்தால் ஊர்கள் மிகச் சில. மலைபடுகடாம் இன்னும் கறாரான நூல். எங்கே வழுக்கும், எங்கே பாம்பு இருக்கும், தினைப்புனம் காப்பவர் எறிகிற கவண்கல் எப்பக்கமிருந்து வரும், இருட்டினால் எங்கே ஒதுங்க வேண்டும் என்று நன்னனின் மலையைச் சேரும்வரை எச்சரித்துக்கொண்டே வருகிறது. சிறுபாணாற்றுப்படையோ, வழியைத் தொடங்குவதற்கு முன்பே, நடந்து களைத்த விறலியரின் அடிகளை இளையவர்கள் மெல்ல வருடிக்கொடுக்கும் காட்சியை வைத்துவிடுகிறது. பார்க்கவேண்டிய இடங்களின் பெருமைக்கு முன்னால் நடக்கிறவரின் கால். எங்கள் திட்டத்தையும் அங்கிருந்தே தொடங்குவதென்று முடிவு செய்தோம்.

நாங்கள் அறுவர். அவர்களுள் ஒருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. முழங்கால் வலி உண்டு. ஆனால் அறுவரிலும் ஈழ இலக்கியத்தை அதிகம் படித்தவர் அவரே. இன்னொருவர் சர்க்கரை நோயாளி, ஒரு மணிக்குச் சாப்பிட்டாக வேண்டும். ஆய்வு மாணவர் ஒருவர் எதையும் தாங்குவார், எதையும் பார்க்கத் துடிப்பார். ஒரு கவிஞர், அவரைப் பற்றிப் பின்னால். மிகுதி இருவர் ஆசிரியர்கள், விடுப்பு எண்ணுகிறவர்கள். பத்து நாட்களுக்குமேல் ஒருவருக்கும் கிட்டாது. குழுவின் வேகம் தலைமையாசிரியையின் வேகமே என்பது எங்கள் முதல் விதி. அவருக்காக மற்றவர் பொறுத்துக்கொள்வதாக நினைத்தால் மூன்றாம் நாளே அவர் ‘நான் வண்டியில் இருக்கிறேன், நீங்கள் பார்த்துவிட்டு வாருங்கள்’ என்று சொல்லத் தொடங்கிவிடுவார். குழுவில் அதிகம் அறிந்தவர் வண்டியில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் எதைப் பார்த்து வருவது?

அடுத்தது தூரம். கைப்பேசி வரைபடம் ஒரு வாகனம் நிற்காமல் போவதாக எண்ணி நேரம் சொல்கிறது. அதில் தேநீர் இல்லை, கழிப்பறை இல்லை, ‘கொஞ்சம் நிறுத்துங்கள், அது என்ன பெயர்ப்பலகை’ இல்லை. இலங்கையின் வீதிகள் பெரும்பாலும் நல்ல வீதிகள். எனினும் ஊர்களுக்குள் மணிக்கு ஐம்பது கிலோமீட்டர்தான், பொலிசாரும் அதைக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். நாங்கள் கொண்ட கணக்கு: சமவெளியில் கிலோமீட்டரை நாற்பத்தைந்தால் வகு, மலைநாட்டில் இருபத்தைந்தால் வகு, இரண்டிலும் ஒரு மணி நேரம் கூட்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலை ஏறத்தாழ 235 கிலோமீட்டர்; ஆறு மணிக்குச் சற்று மேல். திருகோணமலையிலிருந்து மட்டக்களப்பு 135 கிலோமீட்டர் அளவில், நான்கு மணி. இதுவே கண்டியிலிருந்து நுவரெலியா எண்பது கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் அதுவும் நான்கு மணி. ஒரு நாளில் ஆறு மணி நேரத்துக்கு மேல் வண்டியில் இருப்பதில்லை, இருட்டியபின் வண்டி ஓட்டச் சொல்வதில்லை என்று முடிவு செய்தோம். திருகோணமலைச் சாலையிலும் ஹபரணைப் பக்கத்திலும் இரவில் யானை குறுக்கிடும். அதைக் காண விரும்பும் ஆய்வு மாணவரின் வாக்கு ஒன்றுக்கு ஐந்தாகத் தோற்றது.

இந்த வகுத்தல் ஒன்றே பட்டியலில் பாதியைத் தின்றுவிட்டது. மீதியைத் தின்றது திரும்பும் வழி. புறப்படுகிற வழியில் எல்லோரும் காட்டுகிற கற்பனை திரும்பும் வழியில் காணாமல் போய்விடுகிறது. பயணத் திட்டங்களின் கடைசி நாளில் பெரும்பாலும் ‘திரும்புதல்’ என்ற ஒரு சொல்தான் இருக்கும். காங்கேசன்துறையில் இறங்கியவர் காங்கேசன்துறைக்கே வந்தாக வேண்டும். மட்டக்களப்பிலிருந்து அங்கே வர ஒரு நாளில் முடியாது என்றல்ல. வந்தால் மறுநாள் கப்பலில் ஏறுவது ஆறு மூட்டைகளாக இருக்கும். ஆகவே எட்டாம் நாள் மட்டக்களப்பிலிருந்து வவுனியா வரை, இரவு அங்கே. ஒன்பதாம் நாள் வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம், ஏறத்தாழ 140 கிலோமீட்டர், மதியத்துக்குள் சேர்ந்துவிடலாம். அன்று பிற்பகலும் இரவும் வெறுமை. பத்தாம் நாள் கப்பல். அந்த வெறுமையான அரைநாளுக்குத்தான் எங்கள் குழுவில் அதிக எதிர்ப்பு. ‘சும்மா உட்கார்ந்திருக்கவா கடல் கடக்கிறோம்?’ என்றார் கவிஞர். கப்பல் எல்லா நாளும் ஓடுவதில்லை, அட்டவணை மாறும், காற்று அடித்தால் நிற்கும். 2025இல் திருச்சிக்கும் பலாலிக்கும் இடையே விமானமும் வந்திருப்பதால் அவசரத்துக்கு ஒரு கதவு இருக்கிறது. அந்தக் கதவைத் தட்டவும் ஒரு நாள் கையில் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இந்தத் திட்டத்தை யாரும் நினைக்கவே வேண்டாம். மாசி, பங்குனிதான் இந்தக் கடலுக்கும் கீழ்க்கரைக்கும் ஏற்ற காலம்.

ஆக முதல் நான்கு இரவும் யாழ்ப்பாணத்தில் ஒரே வீட்டில். பெட்டியைத் திறந்து துணியை அலமாரியில் வைக்கிற ஊரில்தான் மனிதர் இருப்பார். பெட்டியை மூடிமூடித் திறக்கிற ஊரில் அவர் கடந்துபோகிறவர். நான்கு இரவு என்றதும் ‘யாழ்ப்பாணத்தில் அவ்வளவு என்ன இருக்கிறது’ என்று ஒரு நண்பர் கேட்டார். தஞ்சை மண்ணிலிருந்து போகிறவர் கேட்கக்கூடாத கேள்வி இது. நல்லூரில் 1822இல் பிறந்த ஆறுமுகத்துக்கு ‘நாவலர்’ என்று பட்டமளித்தது எங்கள் பக்கத்துத் திருவாவடுதுறை ஆதீனம். 1864இல் அவர் பள்ளி கண்டது சிதம்பரத்தில். வண்ணார்பண்ணையில் அவர் 1848இல் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலையைப் பார்த்தால்தான் சிதம்பரத்துப் பள்ளியின் கதை முழுமையாகும். சி.வை. தாமோதரம்பிள்ளையின் சிறுப்பிட்டி, யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை போகும் வழியில் இருக்கிறது. கலித்தொகையை 1887இல் அச்சேற்றிய அந்த மனிதர் கும்பகோணத்தில் வழக்கறிஞராகவும் இருந்தவர். சிறுப்பிட்டியில் பார்க்க என்ன உண்டு என்று கேட்டால், ஒரு கிராமம், புகையிலைத் தோட்டம், சிவந்த மண், கிணறு என்போம். எங்கள் திட்டத்தில் அதற்கு ஒரு முழுக் காலைப்பொழுது.

பட்டியலில் அடித்தவையும் உண்டு. ‘கே. டானியலின் யாழ்ப்பாணம்’ என்று ஒரு நாளையே ஒதுக்கியிருந்தார் மாணவர். டானியலின் ‘பஞ்சமர்’ நாவலில் வருகிற தெருக்களை ஒரு பிற்பகலில் வண்டியில் சுற்றிக் காட்டச் சொல்வது, அங்கே இன்றும் வாழ்கிறவர்களின் வாசலில் நின்று அவர்கள் சாதியை விசாரிப்பதற்கு நிகர். அதை நீக்கினோம். டானியல் 1986இல் தஞ்சாவூரில் காலமாகி அங்கேயே அடக்கமானார். இத்தனை ஆண்டுகளில் எங்களில் எத்தனைபேர் அந்தக் கல்லறைக்குப் போயிருக்கிறோம் என்று தலைமையாசிரியை கேட்டார். அதற்குக் கடவுச்சீட்டு வேண்டாம், காரைக்காலிலிருந்து பேருந்து போதும். பயணம் புறப்படுவதற்கு முந்தைய ஞாயிறு இப்போது அதற்கென்று குறிக்கப்பட்டுவிட்டது.

தீவுகளுக்கு ஒரு நாள். இங்கே எங்கள் குழுவே இரண்டானது. யாழ்ப்பாணத்திலிருந்து தாம்போதிகளின் மேல் புங்குடுதீவைக் கடந்து குறிகாட்டுவான் துறை. அங்கிருந்து நயினாதீவு சிறிது நேரப் படகு; நெடுந்தீவு ஒரு மணி நேரம். நெடுந்தீவுக்குப் போனால் நாள் முழுதும் அதற்கே. புங்குடுதீவு மு. தளையசிங்கத்தின் ஊர். கோயில் நன்னீர்க் கிணற்றை எல்லாச் சாதியார்க்கும் திறந்துவிடக் கோரி நின்று, அடிபட்டு, 1973இல் முப்பத்தெட்டு வயதில் இறந்த எழுத்தாளர். மற்றத் திட்டங்களில் புங்குடுதீவு என்பது வண்டியின் சன்னலில் ஓடுகிற ஒரு தீவு. எங்கள் திட்டத்தில் படகை விட்டுவிட்டு அங்கே இறங்கிவிடுவதென்பது பெரும்பான்மை.

நெடுந்தீவை விட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை வெளிப்படையாகவே சொல்லிவிடலாம். காரைக்கால் மக்களுக்கு நெடுந்தீவு என்பது செய்தித்தாளில் வருகிற ஊர்: ‘நெடுந்தீவு அருகே மீனவர் கைது.’ 2025 ஜனவரி 28இல் அந்தக் கடலில் காரைக்கால் படகொன்றின் 13 மீனவர்கள் பிடிபட்டபோது இலங்கைக் கடற்படையின் துப்பாக்கிச்சூட்டில் சிலர் காயமடைந்தார்கள். எங்கள் மாணவர்களில் அந்தக் குப்பங்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதே வேளையில், இழுவைமடி தன் கடலடியைச் சுரண்டி வலையை அறுத்துப் போகிறது என்று சொல்கிற தீவகத்து மீனவரும் தமிழர். இலங்கை 2017இல் அம்முறையைச் சட்டத்தால் தடைசெய்திருக்கிறது. ‘எந்த ஊர்?’ என்று அவர் கேட்பார். ‘காரைக்கால்’ என்போம். அதன்பிறகு நடக்கப்போகிற பேச்சு படகு புறப்படும் மணிக்குள் அடங்காது. அதைத் தவிர்க்க நினைக்கவில்லை. அதற்கு நேரம் வேண்டும் என்றுதான் நினைத்தோம். புங்குடுதீவிலும் மீனவர் உண்டு. அந்த நாளின் பிற்பகலை அதற்காகவே திறந்து வைத்திருக்கிறோம். இலக்கியப் பயணத்தில் மீன்வலைக்கு என்ன வேலை என்று கேட்பவர், கடல்கடந்து போய்த் தம்மையொத்த வாசகர்களை மட்டும் சந்தித்துத் திரும்பலாம். அதற்கு லா சப்பேலே போதும்.

ஐந்தாம் நாள் ஏ9. யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் இணைக்கும் இந்த வீதி ஏறத்தாழ 320 கிலோமீட்டர். போரின்போது மூடப்பட்டு, 2002இன் போர்நிறுத்தத்தில் திறந்து, 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடி, 2009க்குப் பின் திறந்த வீதி. ஆனையிறவு, பரந்தன், கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா. பெயர்களை வரிசையாகச் சொல்லும்போதே நம்மில் பலருக்கு ஒரு காலத்து வானொலி காதில் கேட்கும். பரந்தனில் கிழக்கே திரும்பினால் முல்லைத்தீவு, வழியில் முள்ளிவாய்க்கால். எங்கள் விவாதத்தில் மிக நீண்டது இந்தத் திருப்பம் பற்றியதே. பெரும்பாலான திட்டங்களில் அது ‘மதிய உணவுக்குப் பின்’ என்று வருகிறது. அதற்கடுத்த வரி ‘மாலை: திருகோணமலைக் கடற்கரை’. கவிஞர் போகத்தான் வேண்டும் என்றார்; போகாமல் கடந்துபோவது துரோகம் என்றார். தலைமையாசிரியை மறுத்தார். ‘சாவு வீட்டுக்குப் போகிறவர் பேருந்துக்கு நேரம் பார்த்துக்கொண்டு போகமாட்டார்’ என்றார். எங்கள் கருத்தும் அதுவே. 2009 மே மாதத்தில் அந்த மணலில் பிள்ளையை இழந்தவர் அதே மணலில் இன்றும் வலை உலர்த்திக்கொண்டிருக்கலாம். அவர் முன்னால் ஆறு பேர் வண்டியிலிருந்து இறங்கிக் கைப்பேசியைத் தூக்குவதை எந்த இலக்கிய நோக்கமும் நியாயப்படுத்தாது. அவ்வூரார் ஒருவர் ‘வாருங்கள்’ என்று அழைத்தால் அன்றைய திட்டம் முழுவதையும் விட்டுவிட்டுப் போவது. அழைக்காவிட்டால் பரந்தனில் திரும்புவதில்லை. கவிஞர் இதை இன்னும் ஏற்கவில்லை. அவர் ஏற்காதது நல்லதே. வழியில் அந்த இடத்தில் எல்லோரும் மௌனமாகிவிடாமல் பேசிக்கொண்டிருப்போம்.

திருகோணமலையில் ஓர் இரவு. சம்பந்தர் பாடிய கோணேசர் கோயிலுக்கு ஒரு மாலை, அவ்வளவே. பிறகு மட்டக்களப்பில் இரண்டு இரவு. கிழக்குக்கு இவ்வளவு தூரம் இறங்குவது ஒரே ஒரு மனிதருக்காக: விபுலானந்த அடிகள். அவர் தொடங்கிய சிவானந்த வித்தியாலயமும் அவரது சமாதியும் மட்டக்களப்பின் கல்லடியில். 1892இல் பிறந்த ஊர் அதற்குத் தெற்கே, கல்முனையை அடுத்த காரைதீவு. ஒரு திட்டத்தில் காரைதீவு யாழ்ப்பாண நாளில் கீரிமலைக்குப் பக்கத்தில் இடம்பெற்றிருந்தது! யாழ்ப்பாணத்துக் காரைநகருக்கும் முன்பு காரைதீவு என்றே பெயர். இரண்டுக்கும் இடையே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். காரைக்காலிலிருந்து போகிறவர்களுக்கு இந்தக் காரைகளின் குழப்பம் ஒருவகையில் பொருத்தந்தான்.

அடிகளின் ‘யாழ் நூல்’ 1947இல் அரங்கேறியது திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில், திருவாரூர்ப் பக்கம், எங்கள் ஊரிலிருந்து ஒரு காலைப்பொழுதுக்குள் போய்விடக்கூடிய தொலைவில். பழந்தமிழரின் யாழைக் கணக்கிட்டு மீட்டெடுக்கப் பல ஆண்டுகள் உழைத்த மனிதர், அந்நூலை அரங்கேற்றக் கடல்கடந்து எங்கள் மண்ணுக்கு வந்தார், அவ்வாண்டிலேயே மறைந்தார். அந்தப் பயணத்துக்கு எதிர்ப்பயணம் ஒன்று எங்கள் பக்கத்திலிருந்து போகவேண்டிய கடன் இருக்கிறது. கல்முனை, காரைதீவு வழிநெடுக இன்னொன்றும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன அதே அலைதான் இலங்கையில் மிகுதியான உயிர்களை இந்த அம்பாறைக் கரையில் கொண்டுபோனது. எங்கள் குழுவில் ஒருவர் அந்த நாளில் தம் தங்கையை இழந்தவர். ஏழாம் நாளின் மாலையை எதற்கென்று எழுதாமல் விட்டிருக்கிறோம்.

இனி வண்டி. நாமே ஓட்டிப் போகலாம் என்ற ஆசை இளையவர்களுக்கு வரும். அங்கும் இடப்பக்க ஓட்டம்தான். ஆனால் நம் பன்னாட்டு உரிமத்துக்கு அந்நாட்டில் தனி ஒப்புதல் வாங்க வேண்டும். தவிர, ஓட்டுகிறவர் எதையும் பார்க்கமாட்டார். சாரதியோடு ஒரு வான். நாம் ‘வேன்’ என்பதை அவர்கள் ‘வான்’ என்று எழுதுவார்கள். ‘வானில் பயணம்’ என்று ஒரு கடிதத்தில் படித்துவிட்டு விமானச் சீட்டுக்கு எவ்வளவு என்று கேட்டவரும் எங்களில் உண்டு. பத்துப்பேர் அமரும் வானை ஆறு பேருக்கு எடுப்பது வீண்செலவு என்று கணக்குப் பார்ப்பவர்கள் பெட்டிகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தமிழும் சிங்களமும் அறிந்த சாரதி வேண்டும். வவுனியாவைத் தாண்டினால் சிங்கள ஊர்கள் வரும். அவருக்கு உணவும் படுக்கையும் எங்கே என்பதை முதலிலேயே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். பல திட்டங்களில் பயணிகளுக்கு நட்சத்திர விடுதி, சாரதிக்கு வண்டியின் இருக்கை. பாணனோடு வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்டதைப் பாடமாக நடத்துகிறவர்கள் இதைச் செய்யலாகாது.

சில்லறைச் செய்திகள் சில. நுழைவு அனுமதியைப் புறப்படுமுன் இணையத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். விதிகளும் கட்டணமும் அடிக்கடி மாறுவதால் சென்ற ஆண்டு போனவர் சொல்வதை நம்பவேண்டாம். முழுநிலா நாள் அங்கே ‘போயா’ விடுமுறை. கடைகள் பல அடைத்திருக்கும். கப்பலில் சுமைக்கு அளவு உண்டு; யாழ்ப்பாணத்தில் பூபாலசிங்கம் புத்தகசாலைக்குள் போகிற இலக்கியவாதியின் பெட்டிக்கு அளவு இல்லை. ஆகவே போகும்போது பெட்டியில் பாதி காலியாக இருக்கட்டும். 2005 முதல் ‘நூலகம்’ இணையத்தளத்தில் ஈழத்து நூல்களும் இதழ்களும் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஏறுமுன் ஆளுக்கு மூன்றாவது படித்துவிடுவது என்று ஏற்பாடு. படிக்காதவர் சாரதிக்குப் பக்கத்து இருக்கையில் உட்காரும் உரிமையை இழப்பார்.

கடைசியாக, மலையகம். அதை முற்றிலும் விட்டுவிட்டோம். சிகிரியாவையும் கொழும்பையும் விட்டதுபோல எளிதாக அல்ல. நம் மாவட்டங்களிலிருந்து போனவர்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழி நடந்து, வழியிலேயே பலர் மடிந்து, மிஞ்சியவர்கள் உண்டாக்கிய தோட்டங்கள் அவை. 1948இல் குடியுரிமை பறிபோய், 1964 ஒப்பந்தத்தில் இரு அரசுகள் தலைகளை எண்ணிப் பகிர்ந்துகொண்ட மக்கள். சி.வி. வேலுப்பிள்ளையும் தெளிவத்தை ஜோசப்பும் எழுதிய அந்த லயன்களை, அட்டனில் ஒரு தேநீர் குடித்து ‘பார்த்துவிட்டோம்’ என்று குறிப்பதற்கு எங்களுக்கு மனம் வரவில்லை. மேலும் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் அங்கே மலைகள் சரிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். சாலைகளும் இருப்புப்பாதையும் சிதைந்தன. அம்மக்கள் வீட்டுக்கூரையைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது அவர்கள் வாசலில் விருந்தினராக நிற்பதற்கு முன்னால் அவர்களைக் கேட்க வேண்டும். அதற்கு அடுத்த ஆண்டு, திருச்சியிலிருந்து கொழும்புக்கு வானூர்தி, அங்கிருந்து மலைக்கு. ஒரே ஊரில் ஆறு இரவு என்று பேசிவைத்திருக்கிறோம். கவிஞர் அதற்கான பட்டியலை இப்போதே தொடங்கிவிட்டார். நேற்றிரவு வரை அதில் பதினேழு ஊர்கள்.